நாற்று நடாத ஊரில் நாற்று நடும் சுவரோவியங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பாடசாலை மதில்களிலும் பொதுக் கட்டடச் சுவர்களிலும் 'கிராமிய வாழ்க்கை' என்று வரையப்படும் ஓவியங்கள் பற்றி எழுதுகிறோம். எங்கே போனாலும் கிட்டத்தட்ட ஒரே படம். சேலையைத் தூக்கிச் செருகிய பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நடுகிறார்கள். பக்கத்தில் கொம்புக்குச் சாயம் பூசிய சோடி மாடு. பின்னால் நாட்டு ஓடு போட்ட திண்ணை வீடு. வரம்பில் தலைப்பாகையும் வேட்டியுமாக ஒருவர்.

படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஊர்தான் பிழை. இந்த இரண்டு மாவட்டங்களிலும் வெள்ளாமை பெரும்பாலும் வீசி விதைப்பு. மழையை நம்பிய காணிகளில் புழுதி விதைப்பு, குளத்துத் தண்ணீர் பாயும் காணிகளில் முளை கட்டிய நெல்லைச் சேற்றில் எறிவது. நாற்று நடுகை மிகக் குறைவு. இங்கே பெண்களை வயலில் காண வேண்டுமென்றால் களை பிடுங்கும் நாட்களிலும், வெட்டு முடிந்த பின் கதிர் பொறுக்கும் நாட்களிலும் போக வேண்டும். கம்பளம் மாதிரி வரிசை பிடித்து நட்ட வயல் தஞ்சாவூர்ப் பக்கத்துக் காட்சி. உன்னிச்சைக் குளத்து வாய்க்கால் பாயும் வயலுக்கு அந்த வரிசை கிடையாது. பயிர் கண்டபடி முளைத்து, சில இடத்தில் அடர்ந்தும் சில இடத்தில் வெளித்தும் நிற்கும். சுவரில் அதைத் தீட்டும்போது பச்சையைக் கோடு கோடாக இழுக்காமல், அகலத் தூரிகையை நிமிர்த்திப் பிடித்துக் குத்திக் குத்தி வைத்தால்தான் விதைப்பு வயல் வரும்.

இந்தப் படங்கள் எங்கிருந்து வருகின்றன என்பது ஒளிவுமறைவில்லை. இந்திய ஓவியர்களின் படங்கள் வட்ஸ்அப்பிலும் கலண்டரிலும் வருகின்றன, கைப்பேசித் திரையைப் பார்த்தே சுவரில் ஏற்றுகிறார்கள். அதிகம் பிரதி செய்யப்படுபவர்களில் இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருவருமே கற்க வேண்டியவர்கள். நாம் கற்கும் இடம்தான் மாறிப்போகிறது.

முதலாமவர் ஓவியர் இளையராஜா, இசைஞானி அல்லர். கும்பகோணம் அருகே செம்பியவரம்பில் என்ற கிராமத்தில் பிறந்து, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்து, 2021 ஜூன் மாதம் கொரோனாவால் காலமானவர். கதவு நிலையில் சாய்ந்து நிற்கும் பெண், அடுக்களையில் பாத்திரத்தோடு குந்தியிருக்கும் பெண் என்று புகைப்படமோ என மயங்கவைக்கும் படங்கள். அவற்றின் உயிர் வெளிச்சத்தில் இருக்கிறது. சோழநாட்டுப் பழைய வீடு உள்ளே ஆழமாக இருண்டு கிடக்கும். வெளிச்சம் ஒரே வாசலால் அல்லது ஒரே சாளரத்தால் மட்டும் நுழையும். அதனால் முகத்தின் ஒரு பக்கம் துலங்கும், மறுபக்கம் கபில இருளில் கரையும். அந்த வீடு இல்லையென்றால் அந்த வெளிச்சமும் இல்லை.

எங்கள் வளவுகளில் வெளிச்சம் அப்படி நடந்துகொள்வதில்லை. கரையோரக் கிராமங்களில் முற்றம் முழுக்க வெண்மணல். வெயில் மணலில் பட்டு மேலே எறியும். தாடையின் கீழ்ப்பக்கம், மூக்கின் அடி, கிடுகுக் கூரையின் உட்புறம் எல்லாம் கீழிருந்து துலங்கும். வாவிக் கரையில் தண்ணீரின் நெளிவும் சேர்ந்து தோணியின் வயிற்றில் ஆடும். கிடுகு வேலிக்கு உள்ளே நின்றால் வெயில் கீற்றுக் கீற்றாக வரும். இந்த இடத்தில் நிற்கும் பெண்ணுக்குக் கும்பகோணத்து ஒருபக்க வெளிச்சத்தைப் பூசினால், பின்னால் எத்தனை தென்னையை நட்டாலும் அவள் கும்பகோணத்தில்தான் நிற்பாள். நிழல் பக்கத்துக்குக் கறுப்பை எடுக்க வேண்டாம். நிழல் நிறத்தோடு கொஞ்சம் மஞ்சள் காவியைக் கலந்து தாடைக்கடியில் வைத்துப் பாருங்கள், முகம் மணலில் இறங்கி நிற்கும்.

எழுவான்கரை, படுவான்கரை என்ற பெயர்களே சூரியனை வைத்து வந்தவை. கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருப்பது எழுவான்கரை, வாவிக்கு மேற்கே இருப்பது படுவான்கரை. எழுவான்கரையில் நின்று மேற்கே பார்ப்பவருக்குக் காலையில் வெயில் முதுகில். எதிர்க்கரை மரங்கள் தட்டையாக, நிழலே இல்லாமல் தெரியும். அதே இடத்தில் மாலையில் நின்றால் தோணியும் ஆளும் கறுத்த உருவங்கள், தண்ணீர்தான் ஒளி. ஒரே சுவரில் காலை வயலையும் மாலை வாவியையும் ஒட்டவைத்து, இரண்டுக்கும் வலப்பக்கத்திலிருந்து வெயிலடிக்கும் படங்களைக் காண்கிறோம். வரையத் தொடங்குமுன் கீற்றுப்படத்தின் (தாளில் போடும் மாதிரி வரைவின்) மூலையில் நேரத்தையும் திசையையும் எழுதிவைத்தாலே இந்தப் பிழை போய்விடும்.

இளையராஜாவிடமிருந்து எடுக்க வேண்டிய இன்னொன்றை நம்மவர்கள் தவறவிடுகிறார்கள். கறுத்த மேனியை அவர் கறுப்பாகவே, அழகாக வரைந்தார். இங்கே அவருடைய படத்தைப் பிரதி பண்ணும்போதே பெட்டியில் 'மேனி நிறம்' என்று வரும் இளஞ்சிவப்பு ரியூப்பை எடுத்துப் பூசுகிறார்கள். அந்த ரியூப் நம்மூரில் யாருடைய மேனிக்கும் பொருந்தாது. சுட்ட சியென்னா இரண்டு பங்கு, மஞ்சள் காவி ஒரு பங்கு, அல்ட்ராமரைன் நீலம் அரைப் பங்கு. இது நடுத்தரமான மேனி. கறுக்க வேண்டுமானால் நீலத்தை ஒரு பங்காக்குங்கள். வெளிச்சம் படும் இடத்துக்கு வெள்ளையைத் தனியாகக் கலந்தால் சாம்பல் பூத்து, நோயாளி மாதிரி ஆகிவிடும். மஞ்சள் காவியை முதலில் கூட்டி, கடைசியில் நுனித் தூரிகையளவு வெள்ளை போதும். நெற்றியிலும் தோளிலும் வானத்தின் எதிரொளிப்பு கொஞ்சம் நீலமாக விழும். அதை வைத்தால் வியர்த்த உடம்பு வரும்.

இரண்டாமவர் தோட்ட வைகுண்டம். 1942இல் தெலங்கானாவின் கரீம்நகர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் பிறந்தவர், பரோடாவில் கே.ஜி. சுப்பிரமணியனிடம் பயின்றவர். பெரிய குங்குமப் பொட்டு, பருத்த உடம்பு, பக்கவாட்டு முகம், தோளில் கிளி, சிவப்பும் செம்மஞ்சளும் பச்சையும் முட்டி நிற்கும் சேலை. ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். கலவை நிறங்கள் தமக்குப் பிடிப்பதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். இவருடைய படத்தில் நிழல் குறைவு, தட்டை நிறம், அழுத்தமான புறக்கோடு. ஆகவே சுவருக்கு மிக வசதி, ஆகவே இங்கே அதிகம் களவும் போகிறது. மட்டக்களப்புச் சுவரில் தெலங்கானா நாமம் இட்ட ஆண் முகங்கள் வந்தது இந்த வழியால்தான்.

அவர் சின்ன வயதில் ஊருக்கு வந்த நாடகக் குழுக்களில் ஆண்கள் பெண் வேடம் கட்டியதைப் பார்த்து மயங்கியவர். அந்த அரிதாரமும் ஒப்பனையும் அவருடைய பெண்களின் முகத்தில் இறங்கியிருக்கிறது. இதை வாசிக்கும் மட்டக்களப்பாருக்கு ஒன்று உறைக்க வேண்டும். ஆண்கள் பெண் வேடம் கட்டி விடிய விடியக் கூத்தாடிய வட்டமான ஆடுகளம், வட்டக்களரி, நம்முடையதும்தானே. வடமோடிக் கூத்தில் வரும் அரசனின் கரப்புடுப்பை ஒரு தரம் நிதானமாகப் பாருங்கள். இடுப்பிலிருந்து கூடு போல விரிந்து நிற்கும் அரை வட்டம், மேலே பாரமான முடி, நடுவில் ஒப்பனை செய்த முகம். புறக்கோடும் தட்டை நிறமுமாகச் சுவருக்கென்றே தைத்த உருவம். மற்ற வகைக் கூத்தான தென்மோடியின் உடுப்பு பாரம் குறைந்தது, உடம்போடு ஒட்டி ஆடும், கோடு வேறு மாதிரி ஓடும். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கின் மடையில் கமுகம்பாளையின் வெளிர் மஞ்சளும் வேப்பிலைப் பச்சையும் மஞ்சள் நீரும் சேரும்போது வைகுண்டத்தின் வண்ணப் பெட்டிக்கு இணையான ஒரு வண்ணப் பெட்டி நம் கையில் இருக்கிறது. யார் எடுக்கிறார்கள்?

வேறு என்ன வரையலாம் என்று கேட்பவர்களுக்கு: சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துவாய் சுற்றிய விவசாயி. லாண்ட் மாஸ்டர் என்ற இருசில்லு உழவு இயந்திரமும் அதன் பெட்டியும். யானைக் காவலுக்கு மரத்தில் கட்டிய பரண். படுவான்கரையில் சேறு பூசி மினுங்கும் எருமைப் பட்டி, அதன் பாலில் உறைந்து கடை வாசலில் அடுக்கிய தயிர்ச்சட்டி. மருதமுனைத் தறியில் ஓடும் கோட்டுச் சாரத்தின் நிறங்கள். முஸ்லிம் ஊர்களான சம்மாந்துறையின் வயலும் காத்தான்குடியின் வீதியும் இல்லாத கிழக்கின் கிராமப் படம் பாதிப் படம் என்பதையும் சொல்லிவைக்கிறோம். இப்போது வயலில் வெட்டு மெசின்தான் ஓடுகிறது. அதை வரைந்தால் 'கிராமியம்' கெட்டுவிடும் என்று நினைப்பவர்கள் மெசினுக்குப் பின்னால் இறங்கும் கொக்குக் கூட்டத்தைப் பார்த்ததில்லை.

வீச்சுவலையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். எல்லாச் சுவரிலும் வருவது, எல்லாச் சுவரிலும் பிழையாக வருவது அதுதான். வலையைச் சூரியகாந்திப் பூ மாதிரி முழு வட்டமாக, பார்ப்பவரை நோக்கி வரைகிறார்கள். வலை தண்ணீருக்குக் கிடையாக விரியும். கரையில் நிற்பவர் கண்ணுக்கு அது நீள்வட்டமாகவே தெரியும், அகலத்தில் கால்வாசி உயரம்கூட இராது. ஈயக்குண்டு கோத்த விளிம்பு ஒரே நேரத்தில் விழாது. கையை விட்டுக் கடைசியில் போன பக்கம் இன்னும் தூக்கியிருக்க, முதலில் போன பக்கம் தண்ணீரைத் தொட்டிருக்கும். நடுக் கயிறு மணிக்கட்டில் கட்டியிருக்கும். அந்தக் கயிறு இல்லாத வலை எறிந்தவரோடு சொந்தமில்லாத வலை. எறிந்தவரின் உடம்பு இடுப்பில் முறுகி, எறிந்த கைப்பக்கத்துத் தோள் முன்னே வந்திருக்க வேண்டும். நேராக நிமிர்ந்து நின்று யாரும் வலை வீசியதில்லை.

இனிச் சுவர். ஓவியம் எவ்வளவு நல்லதானாலும் இரண்டு மாரிக்குள் தகடு தகடாக உரியும் சுவர்களே இங்கு அதிகம். காரணம் அநேகமாகத் தூரிகைக்கு முந்தியது.

புதிதாகப் பூசிய சீமெந்துச் சுவருக்கு நான்கு கிழமையாவது விட வேண்டும். பச்சைச் சீமெந்தின் காரம் எண்ணெய்ப் பெயின்றை அரித்துச் சவர்க்காரம் மாதிரிப் பிசுபிசுக்க வைக்கும். எனாமல் பெயின்ற் மினுங்குகிறது என்று வெளிச்சுவரில் பூசுவது இதனால்தான் பிழையாகிறது. உள்ளிருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் கொப்புளமும் கட்டும். வெளிச்சுவருக்கென்று விற்கும் இமல்ஷன், அதாவது தண்ணீர் கலக்கும் பெயின்ற்தான் சரி. ஈரத்தை அறிய ஒரு எளிய வழி: ஒன்றரை அடிச் சதுரத் தடித்த பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ரேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் வியர்த்திருந்தால் அந்தச் சுவர் இன்னும் தயாரில்லை.

அடுத்தது உப்பு. கரையோர மணலை நன்றாகக் கழுவாமல் பூச்சுக்குப் பயன்படுத்தினாலும், உவர்க் கிணற்றுத் தண்ணீரில் குழைத்தாலும் சுவர் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதைக் கண்டதும் தண்ணீர் அடித்துக் கழுவக்கூடாது. உப்புக் கரைந்து திரும்ப உள்ளே போகும், காய்ந்ததும் பெயின்றைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். காய்ந்த நிலையிலேயே கம்பித் தூரிகையால் உரஞ்சிக் கூட்டி அள்ளுங்கள். இரண்டு கிழமையில் மறுபடி பூத்தால் எங்கோ தண்ணீர் ஊறுகிறது. பீலி ஒழுகுகிறதா, அத்திவாரத்தால் ஏறுகிறதா என்று பார்த்து அடைக்காமல் அங்கே ஓவியம் வேண்டாம்.

பழைய பாடசாலைச் சுவரென்றால் உள்ளங்கையால் தேயுங்கள். கை வெள்ளையானால் அடியில் சுண்ணாம்பு உதிர்கிறது. அதன்மேல் இமல்ஷன் பூசினால் பெயின்ற் சுண்ணாம்பைப் பிடிக்கும், சுண்ணாம்பு சுவரைப் பிடிக்காது. சுரண்டி எடுத்து, காரம் தாங்கும் வோல் சீலர் ஒரு பூச்சு, ஓர் இரவு காய்ச்சல், பிறகு வெள்ளை இமல்ஷன் இரண்டு பூச்சு. இருபது அடி நீளம் எட்டு அடி உயரமான சுவர் 160 சதுர அடி. ஒரு லீற்றர் இமல்ஷன் ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 100 முதல் 120 சதுர அடி போகும், சொரசொரப்பான சுவரில் குறையும். ஆக அடிப்பூச்சுக்கு மூன்று, நான்கு லீற்றர் இமல்ஷனும் இரண்டு லீற்றர் சீலரும் எடுத்துவைக்க வேண்டும். அனுசரணையாளர் தரும் பணத்தை முழுக்க வண்ணத்துக்குச் செலவழித்துவிட்டு அடிப்பூச்சை விட்டுவிடுவதே வழமை. அரைவாசிப் பணமாவது அடியில் போக வேண்டும்.

கீற்றுப்படத்தை இருபது அங்குலம், எட்டு அங்குலத் தாளில் வரைந்து ஓரங்குலக் கட்டம் போட்டால், சுவரில் ஓரடிக் கட்டம். சோக்குத்தூள் தடவிய நூலை இருவர் பிடித்துத் தட்டினால் கட்டம் நிமிடத்தில் விழும். உருவங்களைத் தண்ணீராக்கிய மஞ்சள் காவிப் பெயின்றால் வரையுங்கள். மாக்கர் பேனை மை எத்தனை பூச்சுக்கு மேலும் கசிந்து வரும். மெழுகுக் கிரேயோன் கோட்டில் பெயின்ற் ஒட்டாது.

வைகுண்டம் மாதிரிச் சிவப்பு வேண்டும் என்று மலிவான பளீர்ச் சிவப்பை எடுத்தால் வெயில் அதை வெளிறிய ரோசாவாக்கிவிடும். இரும்பு ஒட்சைட்டுச் சிவப்பும் மஞ்சளும், அதாவது நமக்குத் தெரிந்த காவியும் மஞ்சள் காவியும், வெயிலையும் காரத்தையும் தாங்கும். அல்ட்ராமரைன் நீலமும் காரம் தாங்கும். பிரஷ்யன் நீலம் காரச் சுவரில் நிறமிழந்து கபிலமாகும், வெளிச்சுவருக்கு ஆகாது. வெள்ளை இமல்ஷனுக்குள் ஸ்ரெய்னரை (நிறமூட்டும் திரவத்தை) ஊற்றி ஊற்றி ஆழ்ந்த நிறம் எடுக்க முயல்வதும் வீண். நூறு பங்குக்கு ஐந்து பங்கைத் தாண்டினால் பூச்சு இளகி, மழையில் கையோடு வரும். ஆழ்ந்த நிறம் வேண்டுமானால் அந்த நிறத்திலேயே கடையில் கலந்து வாங்குங்கள். ஜாமினி ராய் (1887–1972) ஐரோப்பிய எண்ணெய் வண்ணத்தை விட்டு, தன் வங்கக் கிராமத்தாரைப் போல மண் வண்ணமும் புளியங்கொட்டைப் பசையும் எடுத்து, நிறங்களை ஏழுக்குள் அடக்கிக்கொண்டார். நிறம் குறைந்ததால் அவருடைய படம் குறைந்துபோகவில்லை.

சுவரின் கீழ் இரண்டு அடியில் உருவம் எதுவும் வேண்டாம். மழைத் தெறிப்பு, மணல், ஆடு, சைக்கிள் கைபிடி எல்லாம் அங்கேதான் படும். அந்த உயரத்துக்குக் கடும் காவியில் ஒரு பட்டை இழுத்துவிட்டால் வருடம் ஒருமுறை பட்டையை மட்டும் திருத்திக்கொள்ளலாம். வேலைக்குக் காலம் மாசியிலிருந்து புரட்டாதி வரை. ஐப்பசிக்குப் பின் தொடங்குவது மழைக்கு வண்ணம் கொடுப்பது. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் பெயின்ற் தூரிகையிலேயே காயும், திட்டுத் திட்டாகப் பிடிக்கும். ஆகவே கிழக்குப் பார்த்த சுவரைப் பின்னேரத்திலும் மேற்குப் பார்த்த சுவரைக் காலையிலும், எப்போதும் நிழலிலிருக்கும் பக்கத்தைப் பார்த்து வேலை செய்ய வேண்டும்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஓவியரின் உரிமை அவர் ஆயுளுக்கும் அதன்பின் 70 ஆண்டுக்கும் செல்லும். இளையராஜாவின் படங்களுக்கு 2091 வரை உரிமையாளர் உண்டு. வீட்டில் பயிற்சிக்கு வரைவதை யாரும் கேட்கப்போவதில்லை. கடைப் பலகையிலும் கலண்டரிலும் அச்சடித்து விற்பது வேறு. கீழே 'நன்றி' என்று போடுவது அனுமதியாகாது.

சித்திரப் போட்டி நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். 'கிராமியக் காட்சி' என்று தலைப்புக் கொடுக்கும்போது, களத்தில் பென்சிலால் வரைந்த மூன்று கீற்றுப்படங்களை இணைக்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேருங்கள். ஒவ்வொன்றிலும் இடம், திகதி, நேரம் இருக்கட்டும். கைப்பேசிப் பிரதிகள் தானாக உதிர்ந்துவிடும். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கும் மாவட்டத்தில் இதை மதிப்பிட ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். தைப்பொங்கல் சிறப்பிதழின் முகப்பில் வருடா வருடம் கொம்புக்குச் சாயம் பூசிய அதே சோடி மாடும் அதே நாற்று நடும் பெண்களும் வருகிறார்கள். தை பிறக்கும்போது படுவான்கரையில் பல வயல்கள் இன்னும் வெட்டுக்குக் காத்து மஞ்சளித்துக் கிடக்கும், பரணில் ஆள் இருக்கும். அடுத்த முகப்புக்கு அந்தப் பரணை வரையச் சொல்லி ஒரு மாணவரிடம் இப்போதே கேளுங்கள். மார்கழியில் கேட்டால் அவர் கைப்பேசியைத்தான் திறப்பார்.

இப்படிக்கு,
சித்திரபாட ஆசிரியர்கள் சிலர்,
மட்டக்களப்பு.